கைகட்டி நின்றால் வேலை கிடைக்குமா?

பெரியவர் முன் கைகட்டித் தலைகுனிந்து நிற்பது நம் வீடுகளில் மரியாதை. ஆனால், சுனாபட்டியில் ஹார்பர் ரயிலேறி நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் நம் இளைஞர் அங்கும் அப்படியே நின்றால், 'பயந்த சுபாவம்' என்று நினைத்துவிடக்கூடும். வேலையே கைநழுவிப் போகலாம்.

அதற்காக நெஞ்சை நிமிர்த்தி விறைத்து நிற்கவும் வேண்டாம். அப்படி நின்றால் ஹார்மோன்களே மாறித் துணிச்சல் பிறக்கும் என்று 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கூறினர். 2015-இல் 200 பேரிடம் மீண்டும் சோதித்தபோது ஹார்மோன் மாறவில்லை. தெம்பு வந்ததுபோன்ற உணர்வு மட்டுமே ஏற்பட்டது.

ஆகவே, நேராக உட்காருங்கள். கேட்பவரின் முகம் பார்த்து நிதானமாகப் பதில் சொல்லுங்கள். தெரியாததைத் 'தெரியாது' என்று தயங்காமல் கூறுங்கள். பணிவு பேச்சில் இருக்கட்டும். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும்!