விமானி கையில் பழைய வரைபடமா?

2015ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் பல விமானங்கள் குறித்த நேரத்தில் புறப்பட முடியவில்லை. புயலும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை. விமானிகளின் ஐபேடில் இருந்த வரைபடச் செயலி திடீரென முடங்கிப்போனது. வாஷிங்டன் ரேகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று இருமுறை பதிவாகியிருந்ததே காரணம். செயலியை நீக்கி, மீண்டும் பதிவிறக்கம் செய்த பிறகே நிலைமை சீரானது.

காகிதத்திலிருந்து திரைக்கு

1930களில் எல்ரி ஜெப்பசன் என்ற அமெரிக்க விமானி, ஓடுபாதைகளின் நீளம், மலைகளின் உயரம் போன்றவற்றை ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்தார். சக விமானிகள் கேட்கவே, 1934இல் அதை 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார். அவர் பெயரிலேயே வரைபட நிறுவனம் வளர்ந்தது. பின்னாளில் விமானிகள் சுமந்த காகிதப் பை ஏறக்குறைய 16 கிலோ எடை இருந்தது. இன்று அத்தனையும் ஒரு கைக்கணினிக்குள் அடங்கிவிட்டது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எல்லா வரைபடமும் எல்லாருக்கும் தேவையில்லை. கண்ணால் தரையைப் பார்த்துப் பறக்கும் பயிற்சி விமானிக்கு மலை, ஆறு, உயர்ந்த கோபுரம், வான்வெளி எல்லை ஆகியவற்றைக் காட்டும் வரைபடம் போதும். அமெரிக்காவில் இது 5 லட்சத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்படுகிறது. மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பவருக்கு வான்வழித்தட வரைபடமும், ஒவ்வோர் ஓடுபாதைக்கும் உரிய தரையிறங்கும் வரைபடமும் வேண்டும்.

‘ஃபோர்ஃபிளைட்’ போன்ற செயலிகளில் வட்டாரத்தையும் வரைபட வகையையும் குறித்தால் போதும். பயணப் பாதையைக் கொடுத்தால், வழியில் தேவைப்படுபவற்றைச் செயலியே திரட்டித் தரும் வசதியும் உண்டு. வானிலை காரணமாக வேறு நிலையத்தில் இறங்க நேரலாம். ஆகவே பாதையின் இருபுறமும் உள்ள நிலையங்களையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

28 நாள் கணக்கு

‘வேஸ்’ பார்த்துக் காரோட்டும் நமக்குப் புதிய தகவல் திறன்பேசி இணைப்பு வழியாக வந்துகொண்டே இருக்கும். வழி தவறினால் ஓரமாக நிறுத்தவும் முடியும். வானில் இரண்டுக்கும் உத்தரவாதமில்லை. எனவே தரையிலேயே பதிவிறக்கம் முடிந்திருக்க வேண்டும்.

அனைத்துலக நடைமுறைப்படி விமானத் தகவல்கள் 28 நாள்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையில் புதுப்பிக்கப்படுகின்றன. வானொலி அலைவரிசை மாறியிருக்கலாம், புதிய கோபுரம் எழுந்திருக்கலாம். ஓடுபாதையின் எண்கூட மாறும். பூமியின் காந்த வடதிசை நகர்வதால், அமெரிக்காவின் தாம்பா விமான நிலையம் 2011இல் தன் ஓடுபாதை எண்களை மாற்றியது. இடைப்பட்ட நாள்களில் வரும் அவசர மாற்றங்களை ‘நோட்டம்’ எனப்படும் அறிவிப்புகளில் விமானி தனியே பார்க்க வேண்டும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகாரபூர்வத் தகவல் தொகுப்பை அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையம் வெளியிடுகிறது.

புறப்படுமுன் ஒரு நிமிடம்

வீட்டில் யாராவது விமானப் பயிற்சியில் சேர்ந்திருந்தால் இவற்றைச் சொல்லி வையுங்கள்:

• வரைபடம் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள்.

• இணைப்பைத் துண்டித்துவிட்டு, தேவையான ஒவ்வொரு வரைபடத்தையும் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் அது இன்னும் இறங்கவில்லை என்று பொருள்.

• வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் இல்லை. சிம் வசதி உள்ளதை வாங்குங்கள், அல்லது தனி ஜிபிஎஸ் கருவியை இணையுங்கள்.

• வெயிலில் கைக்கணினி சூடேறி அணைந்துபோகலாம். மாற்றாக இன்னொரு கருவியோ காகித வரைபடமோ கைவசம் இருக்கட்டும்.