யூதர் எல்லாரும் ஒரே கட்சியா?

1917 ஆகஸ்டு 20 அன்று, இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் எட்வின் மாண்டேகு. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வர வழிவிட்ட மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின் பெயரில் பாதி அவருடையது. நம் பாடநூல்கள் அவரை அத்துடன் விட்டுவிடுகின்றன. அந்த அறிவிப்பு வெளியான மூன்றாம் நாள் அவர் அரசுக்கு வேறொரு குறிப்பு எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு ‘தேசிய இல்லம்’ அமைய பிரிட்டன் துணைநிற்பதை அதில் கடுமையாக எதிர்த்தார். அந்தக் கொள்கை யூதர்களுக்கே கேடாக முடியும் என்றார். மாண்டேகு யூதர். அவருடைய பெரியப்பா மகன் ஹெர்பர்ட் சாமுவேல் 1915லேயே அதே யோசனையை அமைச்சரவையின் முன் வைத்தவர். 1920இல் பாலஸ்தீனத்துக்கு முதல் பிரிட்டிஷ் ஹைகமிஷனராகப் போனவர். ஒரே குடும்பம், ஒரே மதம், இருவரும் லிபரல் கட்சி. ஆனாலும் யூதருக்குத் தனி நாடு என்ற கேள்வியில் பங்காளிகள் இருவரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். மேற்கு ஆசியாவில் போர் மூளும்போதெல்லாம் ‘யூதர்கள் இப்படித்தான்’ என்று நம்மூரில் ஆதரித்தும் எதிர்த்தும் பேசுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். யூதராக இருப்பது பிறப்பும் மதமும் மரபும் சார்ந்தது. யூதருக்குத் தனி நாடு வேண்டும் என்ற சியோனிசம் ஓர் அரசியல் நிலைப்பாடு. முன்னதை வைத்துப் பின்னதைக் கணிக்க முடியாது.

எருசலேமை நினைத்து வழிபடுவது யூத மதத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். யூதர்களுக்கென ஒரு நாடு வேண்டும் என்ற அமைப்புரீதியான இயக்கமோ, தியோடர் ஹெர்ட்சல் 1897இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் கூட்டிய மாநாட்டில்தான் உருப்பெற்றது. அதே 1897இல் ரஷ்யப் பேரரசின் வில்னா நகரில் ‘பண்ட்’ என்ற யூதத் தொழிலாளர் கட்சி பிறந்தது. வாழும் நாட்டிலேயே உரிமைக்குப் போராட வேண்டும், பாலஸ்தீனம் போவது தீர்வாகாது என்பது அதன் கொள்கை. ஆசாரமிக்க யூதர்கள் பலர் வேறு காரணத்துக்காக எதிர்த்தார்கள்: மேசியா வருமுன் மனிதர்களே அரசு அமைப்பது இறைவனின் வேலையில் கைவைப்பது என்றார்கள். சியோனிஸ்டுகளுக்குள்ளும் ஒரே குரல் இல்லை. தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர், அரபு மக்களும் யூதரும் சமமாக ஆளும் ஒரே நாடு வேண்டும் என்று வாதாடினார்.

மாண்டேகுவின் அச்சத்தைப் புரிந்துகொள்ள லண்டன்வரை போக வேண்டாம். பிள்ளையார்பாளையமும் அதைச் சுற்றிய காஞ்சிபுரமும் பட்டுத்தறியால் வாழ்பவை; அந்தத் தறிக்காரக் குடும்பங்களில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உண்டு. ‘உங்கள் மொழிக்குத்தான் தனி மாநிலம் இருக்கிறதே, இங்கே உங்களுக்கு என்ன உரிமை?’ என்று அவர்களிடம் ஒருவர் கேட்டால் அது எவ்வளவு பெரிய அநியாயம்! யூதருக்கென ஒரு நாடு உருவானால், ஆங்கிலேயராகவே வாழும் தன்னைப் போன்றவர்களிடம் இதே கேள்வி கேட்கப்படும் என்று மாண்டேகு பயந்தார். இத்தகைய எதிர்ப்பின் விளைவாகவே, பிற நாடுகளில் யூதர்களுக்கு இருக்கும் உரிமையும் அரசியல் தகுதியும் பாதிக்கப்படக் கூடாது என்ற வாசகம் 1917 நவம்பர் 2இன் பால்ஃபர் அறிவிப்பில் இடம்பெற்றது.

பங்காளிகளுக்குள் இருந்த இந்த முரண் ஒரே மனிதருக்குள்ளும் இருக்கலாம். கொச்சி மட்டாஞ்சேரியின் வழக்கறிஞர் ஏ. பி. சேலம் அதற்குச் சாட்சி. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லி, அவருடைய பிரிவினரை அங்குள்ள பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக நடத்தவில்லை. காந்திய வழியில் அமைதியாகப் போராடி அந்தப் பாகுபாட்டைத் தளர்த்தினார். ‘யூத காந்தி’ என்று பெயரும் பெற்றார். பூரண சுயராஜ்யம் கோரிய 1929 லாகூர் காங்கிரஸில் கலந்துகொண்டார். 1933இல் பாலஸ்தீனம் சென்று வந்தபின் சியோனிசத்தை ஆதரித்தார். 1950களில் கொச்சி யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உதவினார். ஆனால் அவர் போகவில்லை. 1967இல் கொச்சியிலேயே இறந்தார். இந்திய தேசியவாதி, சியோனிஸ்டு, கொச்சிக்காரர் என்ற மூன்றும் அவருக்கு ஒன்றையொன்று விலக்கவில்லை. அவருடைய பிறப்பை மட்டும் தெரிந்துகொண்டு இந்த வாழ்க்கையை யாரால் ஊகித்திருக்க முடியும்?

இதெல்லாம் விதிவிலக்குகள்தானே, இன்று பெரும்பாலான யூதர்கள் இஸ்ரேலோடு நெருக்கம் உணர்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அந்த நெருக்கம் பிறப்போடு வந்ததன்று, வரலாறு உண்டாக்கியது. நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். ‘வாழும் நாட்டிலேயே உரிமை’ என்று போலந்தில் செல்வாக்கோடு பேசிய பண்ட் கட்சியின் மக்களே அந்தப் படுகொலையில் அழிந்தார்கள். தஞ்சம் கேட்டவர்களுக்குப் பல நாடுகள் கதவை அடைத்தன. முன்பு தயங்கிய பலர் அதன்பின் மனம் மாறினார்கள். இந்தியாவிலோ யூதர்களுக்கு அத்தகைய துன்புறுத்தல் இல்லை. ஆனாலும் பெரும்பகுதியினர் இஸ்ரேல் சென்றார்கள். மத ஏக்கம், பிழைப்பு, உறவினர்கள் முன்பே போய்விட்டது எனக் காரணங்கள் கலந்திருந்தன. போனவர்களுக்கும் எல்லாம் எளிதாக அமையவில்லை. மகாராஷ்டிரத்தின் பெனே இஸ்ரேல் சமூகத்தாருடைய திருமணங்களுக்கு அங்குள்ள மதகுருக்கள் தடை எழுப்பினர். போராடிய பிறகு 1964இல்தான் அவர்கள் முழு யூதர்களாக ஏற்கப்பட்டார்கள். இஸ்ரேலில் குடியேறியதாலேயே ஒருவர் அந்த அரசின் எல்லாச் செயலுக்கும் கைதூக்குபவர் ஆகிவிடுவதில்லை.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: சியோனிச எதிர்ப்பு என்பது யூத வெறுப்பின் முகமூடி என்பார்கள். சில வாய்களில் அது முகமூடிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எதிர்ப்பு எல்லாமே வெறுப்பு என்றால் மாண்டேகுவையும் பண்ட் தொழிலாளர்களையும் யூத வெறுப்பாளர்கள் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும். ஓர் அரசையும் அதன் கொள்கையையும் விமர்சிப்பது ஒன்று. அந்த அரசு செய்ததற்கு எங்கோ வாழும் யூதரைப் பொறுப்பாளியாக்குவது வேறு. 2008 நவம்பரில் மும்பையின் யூத மையமான நரிமன் இல்லத்தைத் தாக்கியவர்கள், அங்கிருந்தவர்கள் யூதர்கள் என்பதற்காகவே கொன்றார்கள். பலியானவர்களில் ஒருவர் சியோனிசத்தை ஏற்காத ஆசார யூத மரபைச் சேர்ந்தவர். அவருடைய சவப்பெட்டியின் மீது இஸ்ரேல் கொடி வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டார்கள். கொலையாளிகளுக்கு அந்த வேறுபாடு தெரியாது, தேவையும் இல்லை. அங்கிருந்தவர்கள் அத்தனை பேரும் சியோனிஸ்டுகளாகவே இருந்திருந்தாலும் அந்தக் கொலை நியாயமாகிவிடாது. பிறப்பைக் கொண்டு அரசியலை முடிவுகட்டும் பழக்கம் எங்கே போய் முடியும் என்பதை அது காட்டுகிறது.

பாலஸ்தீனர்களின் துயரத்துக்காகக் குரல் கொடுப்பவர்களும், யூதர்களின் பாதுகாப்புக்காகக் கவலைப்படுபவர்களும் இந்த வேறுபாட்டை ஏற்பதால் இழப்பது ஒன்றுமில்லை. இஸ்ரேல் அரசை விமர்சிக்கும்போது அரசு என்றே சொல்லலாம். ‘யூதர்கள்’ என்று சொல்லத் தேவையில்லை. அந்த அரசை ஆதரிப்பவரும் உலக யூதர் அனைவரின் சார்பாகவும் பேச வேண்டாம். அந்த உரிமையை யூதர்கள் யாருக்கும் ஒட்டுமொத்தமாக எழுதிக் கொடுத்ததில்லை.