வீட்டுச் சூளையில் கண்ணாடி



கண்ணாடியை உருக்கி வடிவம் தருவது நெடுங்காலம் ஆலை வேலையாகவே இருந்தது. 1962-இல் அமெரிக்காவின் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஹார்வி லிட்டில்டன் நடத்திய பயிலரங்கில், டொமினிக் லபினோவின் உதவியோடு, சிறிய உலை ஒன்றில் கலைஞர்களே கண்ணாடி ஊதிக் காட்டினார்கள். ஸ்டுடியோ கண்ணாடிக் கலை அங்கிருந்துதான் பரவியது.

கைவேலை என்று பார்த்தால் நம் பக்கம் இன்னும் பழமை.  புதுச்சேரியையொட்டிய அரிக்கமேட்டில் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து, நறுக்கி, மணிகள் செய்தார்கள். அவ்வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன.

இன்று வீட்டில் தொடங்க ஒரு மின்சூளை போதும். சன்னல் கண்ணாடித் துண்டுகள் 800 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே ஒன்றோடொன்று உருகி இணையும். உருக்குவது எளிது, ஆறவைப்பதுதான் கலை. சுமார் 550 டிகிரியில் நிறுத்திவைத்து, பிறகு மெல்ல மெல்லச் சூட்டை இறக்க வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே தங்கிவிடும் இறுக்கம் பல நாள் கழித்தும் விரிசலாக வெளிப்படும். வெவ்வேறு வகைக் கண்ணாடிகளைக் கலந்தாலும் இதே கதிதான். சூட்டில் ஒவ்வொன்றும் விரியும் அளவு வேறு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: விளிம்புகளைத் தண்ணீர் விட்டே தேயுங்கள். கண்ணாடித் தூளை மூச்சில் இழுப்பது நுரையீரலுக்குக் கேடு. கண்ணுக்கும் மூக்குக்கும் பாதுகாப்பு அணிந்து வேலையைத் தொடங்குங்கள்.