அறிவின் புரவலர்கள்

ஆய்வுக்கூடம் அறிவால் மட்டும் இயங்குவதில்லை. அதற்குப் பொருளும் வேண்டும். கருவிகளுக்கும் வேதிப்பொருள்களுக்கும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கும் எவரேனும் செலவிட்டாக வேண்டும். அவர் அரசா, அறக்கட்டளையா, தொழில் நிறுவனமா என்பதைக் கணக்கர்களுக்குரிய வினாவென நாம் ஒதுக்கிவிட இயலாது. கண்டறிந்த உண்மையை வெளியிடும் உரிமை எவரிடம் உள்ளது, அதன் பயன் எவரைச் சென்றடைகிறது என்னும் இரு வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன.

இவ்விரண்டையும் விளங்கிக்கொள்ள அமெரிக்காவின் அனுபவம் பெரிதும் உதவும். 1980 டிசம்பரில் அங்கே பே-டோல் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன், அரசு நிதியில் விளைந்த கண்டுபிடிப்புகளின் காப்புரிமை பெரும்பாலும் அரசிடமே இருந்தது. அவ்வாறு தேங்கிய ஏறத்தாழ 28,000 காப்புரிமைகளில் 5 விழுக்காட்டிற்கும் குறைவானவையே தொழில்துறைக்கு உரிமமாக வழங்கப்பட்டிருந்தன. புதிய சட்டமோ, பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்று, விரும்பிய நிறுவனத்திற்கு உரிமம் வழங்க வழிவகுத்தது.

தொழில்துறையோடு கொள்ளும் உறவு அனைத்துமே தீது என்பது நம் கருத்தன்று. மரபணுக்களை வெட்டி ஒட்டும் முறைக்காக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1974இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தது. பின்னர் அது எந்தவொரு நிறுவனத்திற்கும் தனியுரிமை அளிக்காமல், மிதமான கட்டணத்தில் பலருக்கும் உரிமம் வழங்கியது. உயிரித் தொழில்நுட்பத் துறை தழைத்தது. உரிமத்தொகையாக 25 கோடி டாலருக்கும் மேல் கிட்டியது.

எனினும், ஒப்பந்தத்தின் ஒரு வரி உண்மையையே சிறைவைக்கவும் கூடும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்ஃபிரான்சிஸ்கோ வளாகத்தைச் சேர்ந்த பெட்டி டாங், 1987இல் ‘சிந்த்ராய்டு’ என்னும் தைராய்டு மருந்தைத் தயாரித்த நிறுவனத்தோடு ஆய்வு ஒப்பந்தம் செய்தார். தொகை 2,50,000 டாலர். தம் மருந்து போட்டி மருந்துகளைவிட மேலானது என்பது மெய்ப்பிக்கப்படும் என நிறுவனத்தார் நம்பினர். 1990இல் முடிந்த ஆய்வோ, ஒப்பிட்ட நான்கு மருந்துகளும் சமமானவையே என உரைத்தது. நிறுவனத்தின் எழுத்துவழி இசைவின்றி முடிவுகளை வெளியிடலாகாது என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் ஏற்று, அச்சேற்ற நாளும் குறித்துவிட்ட அக்கட்டுரை, வழக்குத் தொடரப்படும் என்ற அச்சத்தால் 1995 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. பல்கலைக்கழக வழக்கறிஞர்களும் கைவிரித்துவிட்டனர். 1997 ஏப்ரலில்தான் அது வெளிவந்தது. மலிவான மாற்று மருந்துகளைப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 35 கோடி டாலருக்கும் மேல் மிச்சமாகும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. உண்மை மறைந்திருந்த அத்தனை ஆண்டுகளும் அச்செலவை நோயாளிகளும் காப்பீட்டாளர்களுமே சுமந்தனர்.

இரண்டாம் வினாவுக்கு யேல் பல்கலைக்கழகம் சான்று. ஸ்டாவுடின் என்னும் வேதிப்பொருள் 1960களில் அரசு நிதியின் துணையோடு முதன்முதலில் உருவாக்கப்பட்டது. எச்.ஐ.வி.க்கு எதிரான அதன் ஆற்றலை யேலின் வில்லியம் புரூசாஃபும் தை-ஷுன் லினும் கண்டறிந்தனர். பல்கலைக்கழகம் காப்புரிமை பெற்று, பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்திற்குத் தனியுரிமம் வழங்கியது. 1999இல் மட்டும் யேலுக்குக் கிடைத்த உரிமத்தொகை சுமார் 4 கோடி டாலர். 2001 பிப்ரவரியில், தென்னாப்பிரிக்க நோயாளிகளுக்காக இம்மருந்தின் மலிவு வடிவத்தை இறக்குமதி செய்ய அனுமதிக்குமாறு ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு யேலை வேண்டியது. தனியுரிமம் வழங்கிவிட்டமையால் விடையளிக்க வேண்டியது நிறுவனமே என்றது பல்கலைக்கழகம். அப்போது மும்பையின் சிப்லா நிறுவனம், ஸ்டாவுடின் அடங்கிய மும்மருந்துச் சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்திருந்தது. செல்வ நாடுகளிலோ இத்தகைய சிகிச்சைக்கு 10,000 டாலருக்கும் மேல் செலவாயிற்று. மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர், புரூசாஃபே அவர்கள் பக்கம் நின்றார். மார்ச் மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் தன் காப்புரிமையை வலியுறுத்துவதில்லை என நிறுவனம் அறிவித்தது. பக்கவிளைவுகளின் காரணமாக 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் இம்மருந்தைப் படிப்படியாகக் கைவிடுமாறு பரிந்துரைத்தது. ஆயினும் அந்நிகழ்வு புகட்டிய பாடம் பழையதாகிவிடவில்லை.

முதல் நிகழ்வில் உண்மை தாமதமாயிற்று. இரண்டாவதில் மருந்து தாமதமாயிற்று. இரண்டிலும் தடை பிறந்த இடம் ஒன்றே: ஆய்வு தொடங்கும் முன்போ உரிமம் வழங்கும் போதோ, பின்விளைவை எண்ணாமல் இடப்பட்ட ஒரு கையொப்பம்.

இவ்விவாதம் நமக்கும் தொலைவிலில்லை. பே-டோல் சட்டத்தை ஒத்த மசோதா ஒன்று 2008 டிசம்பரில் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் 2014இல் திரும்பப் பெறப்பட்டது. 2023இல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கான சட்டம் நிறைவேறியது. ஐந்தாண்டுகளுக்கென அப்போது மதிப்பிடப்பட்ட 50,000 கோடி ரூபாயில் பெரும்பகுதி அரசு சாராத மூலங்களிலிருந்து வரும் என்பதே எதிர்பார்ப்பு.

எனவே, தொழில்துறையின் பணத்தை ஏற்கலாமா என்பதைவிட, எந்நிபந்தனையில் ஏற்கலாம் என்று வினவுவதே பொருத்தம். முடிவு எதுவாயினும் அதை வெளியிடும் உரிமை ஆய்வாளரிடமே இருத்தல் வேண்டும். நிதியளித்தவர் எவர் என்பது கட்டுரையிலேயே வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். உயிர்காக்கும் மருந்துகளுக்கான உரிமங்களில் ஏழை நாடுகளுக்கு விலக்கு எழுதப்பட வேண்டும். இவை அரிய கோரிக்கைகள் அல்ல. கையொப்பமிடும் முன் பல்கலைக்கழகம் வலியுறுத்தினால் பெறக்கூடியவையே. கையொப்பமிட்ட பின் அவற்றைப் பெறுவது எத்துணைக் கடினம் என்பதற்கு டாங் காத்திருந்த ஏழாண்டுகளே சான்று.