விகுதி காட்டும் ஆள்

செஞ்சியில் ராஜகிரியின் அடிவாரத்தில் நின்றுகொண்டு ஒருவர், "மலையைப் பார்க்கிறேன்" என்கிறார். பார்ப்பவர் யார்? "நான்" என்ற சொல் அந்த வாக்கியத்தில் இல்லை. ஆயினும் நமக்கு ஐயம் எழுவதில்லை. வினைச்சொல்லின் கடைசியில் நிற்கும் "ஏன்" என்ற விகுதியே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது அல்லவா?

ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. ஐ லுக், யூ லுக், வீ லுக், தே லுக் என்று எல்லாருக்கும் ஒரே "லுக்"தான். ஆளைத் தனியே சொல்லியாக வேண்டும். ஆனால் ஸ்பானிய மொழி இந்த வகையில் நம் பக்கம் நிற்கிறது. எனவே தமிழ் மாணவருக்கு அதன் நிகழ்கால வினை அவ்வளவு கடினமானதன்று.

செஞ்சிக்கு வந்த பாதிரியார்

செஞ்சிக்கும் ஸ்பெயினுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். 1597இல் நிக்கோலாவ் பிமெந்தா என்ற ஏசு சபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுகல் நாட்டின் எந்த நகரையும்விடச் செஞ்சி பெரியது என்று அவர் எழுதி வைத்தார். அவர் போர்த்துக்கீசியர். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினின் அரசரே போர்ச்சுகலுக்கும் அரசராக இருந்தார். இரு நாட்டு மொழிகளும் இலத்தீனில் பிறந்த உடன்பிறப்புகள்.

பிமெந்தாவுக்கு முன்பே, முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அன்றீக்கே அடிகளார் தமிழ் கற்று, 1549ஆம் ஆண்டை ஒட்டித் தமிழுக்கு ஓர் இலக்கண நூலைப் போர்த்துக்கீசியத்தில் எழுதினார். தமிழ் வினைகளைத் தமக்குத் தெரிந்த இலத்தீன் வினைகளின் அருகே வைத்துப் பார்த்தே அவர் விளக்கினார். அவர் சென்ற பாதையில் நாம் எதிர்த்திசையில் நடந்து பார்ப்போம்.

மாறிலியும் மாறியும்

"பார்" என்பதற்கு ஸ்பானியத்தில் "மிரார்" என்பர். இதன் இறுதியில் உள்ள "ஆர்" என்பதை வெட்டினால் "மிர்" என்ற பகுதி மிஞ்சும். இதுவே மாறிலி. இதனுடன் ஆளுக்கேற்ற விகுதியைச் சேர்க்க வேண்டும். விகுதியே மாறி.

பார்க்கிறேன் – மீரோ
பார்க்கிறாய் – மீராஸ்
பார்க்கிறான், பார்க்கிறாள் – மீரா
பார்க்கிறோம் – மிராமோஸ்
பார்க்கிறீர்கள் – மிராயிஸ்
பார்க்கிறார்கள் – மீரான்

பேசும்போது அழுத்தம் எங்கே விழுகிறதோ அங்கே நெடிலாக எழுதியிருக்கிறேன். "மிராமோஸ்", "மிராயிஸ்" ஆகிய இரண்டில் மட்டும் அழுத்தம் பகுதியை விட்டு விகுதிக்குத் தாவுவதைக் கவனியுங்கள்.

"மீரா" என்பதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. பசு பார்த்தாலும் "மீரா"தான். இங்கே தமிழே நுட்பமானது. மரியாதைக்கு உரியவரை "உஸ்தெத்" என்று அழைத்து, அவரிடமே நேரில் பேசும்போதும் "மீரா" என்பார்கள். "எசமான் பார்க்கிறாரா?" என்று எசமானிடமே கேட்பது போன்றது இது. லத்தீன் அமெரிக்க நாடுகளில் "மிராயிஸ்" வழக்கில் இல்லை. "நீங்கள்" என்று பலரைக் குறிக்கும்போதும் "மீரான்" என்றே சொல்கிறார்கள்.

மூன்று குடும்பங்கள்

ஒழுங்கான வினைகள் ஆர், எர், இர் என்று முடியும் மூன்று குடும்பங்களாகும். "கொமெர்" என்றால் உண். "சுபிர்" என்றால் ஏறு.

கோமோ, கோமெஸ், கோமெ, கொமேமோஸ், கொமேயிஸ், கோமென்.
சூபோ, சூபெஸ், சூபெ, சுபீமோஸ், சுபீஸ், சூபென்.

மூன்று குடும்பம், ஆறு ஆள். ஆக 18 இடங்கள். 18 விகுதிகளை நெட்டுருப் போட வேண்டுமா? வேண்டாம். தன்மை ஒருமைக்கு மூன்றிலும் "ஓ"தான். எர், இர் குடும்பங்கள் "நாம்", "நீங்கள்" என்ற இரண்டு இடங்களில் மட்டுமே பிரிகின்றன. எண்ணிப் பாருங்கள்: 13 விகுதிகளே போதும்.

காலம் எங்கே இருக்கிறது?

பார் + க் + கிறு + ஏன் என்று நாம் பிரிக்கிறோம். "கிறு" நிகழ்கால இடைநிலை என்று நன்னூல் கூறுகிறது. "மீரோ" என்பதில் அப்படி ஓர் இடைநிலை இல்லை. பகுதியும் விகுதியும் நேராக ஒட்டிக்கொள்கின்றன. இடையில் ஒன்றும் இல்லாமையே நிகழ்காலத்தின் அடையாளம்! "பார்த்துக்கொண்டிருந்தோம்" என்று சொல்ல வந்தால் "மிராபமோஸ்" என்று நடுவில் ஓர் உறுப்பு நுழைந்துவிடும்.

பயன்படுத்தும் முறை

"மீரோ லா மொன்தாஞா" என்றால் மலையைப் பார்க்கிறேன். இப்போது பார்ப்பதையும், நாள்தோறும் பார்ப்பதையும் இதே சொல் குறிக்கும். "மஞானா சூபோ" என்றால் நாளை ஏறுகிறேன். நாமும் நாளைய செயலை நிகழ்காலத்தில் சொல்கிறோம் அல்லவா? ஆனால் "பசு புல் தின்னும்" என்ற பொது உண்மைக்கு நாம் "உம்" ஈற்றை நாடுகிறோம். ஸ்பானியர் அங்கும் நிகழ்காலத்தையே ஆள்கின்றனர்.

மறுப்பதற்கு முன்னால் "நோ" சேர்த்தால் போதும். "நோ மீரோ" என்றால் நான் பார்க்கவில்லை. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. "பார்க்கவில்லை" என்ற தமிழ்ச் சொல்லில் ஆள் மறைந்துவிடுகிறது. நானா, அவனா, அவர்களா என்று தெரியாது. ஸ்பானியத்தில் மறுப்பிலும் விகுதி ஆளை விடாமல் காட்டுகிறது.

எல்லா வினைகளும் இப்படி ஒழுங்காக நடப்பதில்லை. "போ" என்பதற்கு "இர்". ஆனால் போகிறேன் என்பது "போய்". தமிழிலும் "வா" என்பது "வருகிறேன்" ஆகிறதே! அடிக்கடி புழங்கும் சொற்களே இரு மொழிகளிலும் விதியை மீறுகின்றன.

2025இல் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மெக்சிகோவிலிருந்து ஒரு பயணி வந்து, ராஜகிரியை அண்ணாந்து பார்த்தபடி நின்றால், "சூபெ?" என்று குரலை உயர்த்திக் கேளுங்கள். "ஏறுகிறீர்களா?" என்று மரியாதையோடு கேட்டதாகும். தமிழில் வினாவுக்குச் சேர்க்கும் "ஆ" அங்கே இல்லை, குரலே வினாவாகிறது.

இனி நீங்களே செய்து பாருங்கள்: "ஏறுகிறோம்", "அவர்கள் உண்ணவில்லை", "நீ பார்க்கிறாயா?" ஆகியவற்றை ஸ்பானியத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

(விடை: சுபீமோஸ், நோ கோமென், மீராஸ்?)