பாதி வழியில் – 6: ஈரத்துணி வாங்கிய நல்ல பெயர்

பாதி வழியில் நின்றுபோகும் பழைய காரில் போன வாரம் டேங்க் மூடியின் காற்றுத் துளை, ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என்று பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் கார்புரேட்டர் என்று சொல்லியிருந்தேன். வரும். அதற்குமுன் ஒரு ஈரத்துணி வழக்கை முடித்துவிடுவோம்.

பத்மினியோ அம்பாசடரோ வைத்திருந்தவர்களுக்கு இந்தத் துணியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சித்திரை வெயில். வண்டி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நிற்கும். டிரைவர் பானெட்டைத் தூக்குவார், ஒரு துணியை நனைத்து பெட்ரோல் பம்ப்மேல் போடுவார், டீ குடிக்கப் போவார். இருபது நிமிஷம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல எஞ்சின் எழுந்து ஓடும். "வேப்பர் லாக் சார்" என்பார்.

வேப்பர் லாக் பொய்யில்லை. பெட்ரோல் பல ஹைட்ரோகார்பன்கள் கலந்த கலவை. அதில் லேசான சரக்கு 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். கனமானது 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். பம்ப் பெட்ரோலை உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறையும். குறைந்தால் இன்னும் சீக்கிரம் ஆவியாகும். திரவத்தைத் தள்ளுவதற்காகச் செய்த பம்ப், ஆவி நிரம்பினால் சும்மா துடித்துக்கொண்டிருக்கும். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினில் கார்புரேட்டரும் சூடான புகைக்குழாயும் ஒரே பக்கம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 ஊசிமுனை வளைவுகளில் வேகமோ குறைவு, வேலையோ அதிகம், ரேடியேட்டருக்குக் காற்றும் போதாது. அங்கே பெட்ரோல் கொதிப்பதில் ஆச்சரியமில்லை.

என் சந்தேகம் துணியின் மேல்தான். எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் ரொம்ப காலம் டாக்ஸி ஓட்டிய பெரியவர் ஒருவரிடம் கேட்டேன்.

"ஏண்ணே, அந்த வண்டிக்குக் கடைசியில எதை மாத்தினீங்க?"

"துணியத்தான் தம்பி. பழசு கிழிஞ்சிடுச்சு."

அந்த இருபது நிமிஷத்தில் பம்ப் மட்டுமா ஆறுகிறது? காயில் ஆறுகிறது, டிஸ்ட்ரிபியூட்டர் ஆறுகிறது, டிரைவரின் கோபமும் ஆறுகிறது. துணி போடாமல் டீ மட்டும் குடித்திருந்தாலும் வண்டி கிளம்பியிருக்கலாம். அவ்வப்போது நின்று நின்று ஓடும் வண்டியின் பெரிய தொல்லையே இதுதான்: அது தானாகச் சரியாகும், அந்த நேரத்தில் யார் எதைச் செய்தாரோ அதற்குப் பெயர் போய்விடும். இப்படிப் பெயர் மாறிப்போனதால் பல வருஷம் பிடிபடாமல் தப்பித்த ஆள் ஒருவன் உண்டு: கண்டென்சர்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால், மின்சாரத்தை வெட்டிவிடும் பாயின்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும் சுண்டுவிரல் நுனி அளவு தகர டப்பா. பிளந்து பார்த்தால் இரண்டு அலுமினியத் தாள், நடுவில் காகிதம், சுருட்டி அடைத்திருப்பார்கள். அவ்வளவுதான். அளவு ஏறத்தாழ 0.2 மைக்ரோஃபாரட். இது பழுதானால் வண்டி நிற்கும் என்று எல்லா மெக்கானிக்குக்கும் தெரியும். இது ஏன் அங்கே இருக்கிறது என்று தேடப் போனபோதுதான் இந்த வாரம் எனக்குக் கொண்டாட்டம் கிடைத்தது.

பாரீஸில் இப்போலித் ஃபிஸோ என்று ஒரு விஞ்ஞானி. 1849இல் ஒளியின் வேகத்தைத் தரையில் வைத்தே அளந்து காட்டியவர். எப்படி? 720 பற்கள் கொண்ட சக்கரம் ஒன்றைச் சுழற்றினார். பல்லிடுக்கு வழியாகப் போன ஒளி, எட்டரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான தூரத்தில் இருந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருவதற்குள் அடுத்த பல் வந்து மறித்துக்கொண்டது. சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுழலும்போது ஒளி மறைகிறது என்பதிலிருந்து கணக்குப் போட்டார். விநாடிக்கு சுமார் 3,13,000 கிலோமீட்டர் என்று வந்தது. இன்று நாம் சொல்வது 2,99,792. குதிரை வண்டிக் காலத்தில் ஒரு பல்சக்கரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கினார் என்றால் என்ன சொல்வது!

அதே ஃபிஸோதான் 1853இல், நம் காயிலின் மூதாதையான மின்தூண்டல் சுருளைப் பார்த்து, மின்சாரத்தை வெட்டும் இடத்தில் ஒரு கண்டென்சரைச் சேர்த்தால் பொறி பலமாகும் என்று காட்டினார். அந்தச் சுருளுக்குப் பேர்போனவர் பாரீஸில் கருவி செய்து விற்ற ரூம்கார்ஃப் என்ற ஜெர்மன்காரர். மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய வோல்டா பரிசு, 50,000 பிராங்க், 1864இல் அவருக்குக் கிடைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, கல்லாப் பெட்டிக்கு மின்மோட்டார் வைத்துப் பழகிய சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர், பேட்டரி, காயில், பாயின்ட், கண்டென்சர் நாலையும் காருக்கு ஏற்றபடி கோத்து 1910ஆம் வருஷத்து காடிலாக்கில் ஏற்றினார். நம் அம்பாசடர் பானெட்டுக்குள் இருந்ததும் அதன் வாரிசுதான். ஒளியை அளந்த மனிதரின் யோசனை ஒன்று உளுந்தூர்பேட்டை தாண்டி ரோட்டோரம் நின்றுபோகும் என்று யார் கண்டார்கள்?

வேலை என்ன? பாயின்ட் மூடியிருக்கும்போது 12 வோல்ட் பேட்டரியின் கரண்ட் காயிலில் ஓடும். பாயின்ட் திறந்ததும் அந்த ஓட்டம் சட்டென்று அறுபட வேண்டும். எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ அவ்வளவு பலமாகப் பிளக்கில் பொறி விழும். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கரண்ட் நில் என்றால் நிற்காது. திறக்கும் இடைவெளியைப் பொறியாகத் தாண்டப் பார்க்கும். கண்டென்சர் அதற்குப் போடும் திண்ணை. பாயின்ட் நன்றாக விலகும்வரை கரண்ட் அங்கே உட்கார்ந்துகொள்ளும், தாண்டாது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் இது விநாடிக்கு நூறு முறை நடக்கிறது. கண்டென்சர் போய்விட்டால் பொறி பிளக்கில் விழாமல் பாயின்ட்டிலேயே விழும். பாயின்ட் கருகும், எஞ்சின் தடுமாறும், எரியாமல் வெளியே போன பெட்ரோல் சைலன்ஸரில் படார் என்று வெடிக்கும்.

இதில் கள்ளத்தனம் எங்கே வருகிறதென்றால், உள்ளே இருக்கும் காகிதம் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகத் தடுக்கும், சூடேறினால் கசியவிடும். காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் உத்தமன். மதியம் எஞ்சின் சூட்டில் குற்றவாளி. நின்றபின் ஆறினால் மறுபடி உத்தமன். வேப்பர் லாக்கும் இதேபோல்தான் வந்து போகும். மெக்கானிக் ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் சாட்சி கலைந்திருக்கும்.

ஆகவே நின்ற இடத்திலேயே, முதல் இரண்டு நிமிஷத்துக்குள் பிடிக்க வேண்டும். துணி அப்புறம். வண்டி எப்படி நின்றது என்பதை முதலில் நினைவில் வையுங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நின்றதா, இழுவை குறைந்து திக்கித் திக்கி நின்றதா? முன்னது பெரும்பாலும் மின்சாரம், பின்னது பெரும்பாலும் பெட்ரோல். கண்டென்சர் மட்டும் இந்த விதிக்கு முழுதாக அடங்காது. திக்கவும் செய்யும், ஆனால் சைலன்ஸர் வெடியால் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்து, பெட்ரோல் குழாய் எதையும் கழற்றுவதற்கு முன்பாக (இந்த வரிசை முக்கியம், பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் பொறி பார்க்கக் கூடாது) ஒரு பிளக் வயரைக் கழற்றி, ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிடித்து, எஞ்சின் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிக் காட்டி ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். நீலமாக, தடிப்பாகப் பாய்ந்தால் மின்சாரம் பெரும்பாலும் நிரபராதி. பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, இழைபோல் வந்தாலோ வராமலே போனாலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயின்ட்டைப் பாருங்கள். அங்கே பளிச் பளிச்சென்று பெரிதாகப் பொறி பறந்தால் ஆள் அகப்பட்டான். டேஷ்போர்டு டிராயரில் ஒரு புதுக் கண்டென்சர் வைத்திருங்கள், விலை சொற்பம். பழையதைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். பழையது கசிந்துகொண்டிருந்தால் பக்கத்திலேயே புதியதைச் சேர்ப்பதில் பயனில்லை. மாற்றிய உடனே, ஆறவிடாமல், சூட்டோடு எஞ்சின் கிளம்பினால்தான் தீர்ப்பு. டீ குடித்துவிட்டு வந்து கிளம்பினால் வழக்கு தள்ளுபடி, கண்டென்சரும் இன்னொரு ஈரத்துணிதான்.

கண்டென்சர் மாற்றியும் நிற்கிறதா? அதே டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் தட்டிலிருந்து உடம்புக்குப் போகும் ஒரு சின்ன எர்த் வயர் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் வேக்குவம் அந்தத் தட்டை லேசாகத் திருப்பும். வருஷக்கணக்கில் வளைந்து வளைந்து வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கும். வெளியே பார்த்தால் முழுசாகத் தெரியும். தட்டு ஒரு பக்கம் திரும்பினால் தொடும், மறுபக்கம் திரும்பினால் விடும். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வெயிலில் மட்டும் நிற்கும் வண்டியையும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் நிற்கும் வண்டியையும் ஒரே மருந்தால் குணப்படுத்த முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

கார்புரேட்டருக்கு இடமில்லை என்கிறார் ஆசிரியர். அடுத்த வாரம் கண்டிப்பாக. இப்போது பங்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயையும் டேங்க் துருவையும் என்ன செய்கிறது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்வோம். அதுவரை உங்கள் வண்டி நின்றால், என்ன செய்து கிளப்பினீர்கள் என்று எனக்கு எழுதாதீர்கள். எப்படி நின்றது என்று எழுதுங்கள்.