உரிதலும் உரித்தலும்: முகத்தோற் சிகிச்சைகளில் எதைத் தேர்வது?

'உரி' என்னும் வினை தமிழில் இருவகையாக வழங்கும். பாம்பின் சட்டை உரிந்தது என்னுமிடத்துப் பிறர் செயல் இல்லை. வாழைப்பழத்தை உரித்தான் என்னுமிடத்து ஒரு கை வந்து செயற்படுகிறது. மனிதரின் முகத்தோலுக்கு இவ்விரண்டும் பொருந்தும். அது நாள்தோறும் தானே உரிந்துகொண்டிருக்கிறது. இக்காலத்து அழகு நிலையங்களும் மருத்துவ நிலையங்களும் கட்டணம் பெற்று அதனை உரிக்கவும் செய்கின்றன. முன்னதன் இயல்பை அறிந்த பின்னரே பின்னதில் எதைத் தேர்வது என்பது விளங்கும்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையில், சிம்பாங் அம்பாட் என்றோர் ஊர் இருக்கிறது. மலாய் மொழியில் அப்பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். அருகிலுள்ள பத்து காவானிலிருந்து தீவுக்குச் செல்லும் இரண்டாம் பாலம் 2014-இல் திறக்கப்பட்ட பின்னர், தீவின் கடைகளும் மருத்துவ நிலையங்களும் இவ்வூரார்க்கு முன்னிலும் அணுக்கமாயின. திருமணத்திற்கு நாள் குறித்த பெண்ணும், பருவடு மறையாத கல்லூரி மாணவனும் இத்தகைய நிலையங்களுக்குச் சென்றால் பெரும்பாலும் நான்கு பெயர்களைக் கேட்பர்: கெமிக்கல் பீல், மைக்ரோடெர்மாப்ரேஷன், ஹைட்ராஃபேஷியல், டெர்மாபிளேனிங். இந்த நாற்சந்தியில் நிற்பவர் விலையையும் விளம்பரத்தையும் நோக்கி ஒரு வழியில் நடந்துவிடுகிறார். நோக்க வேண்டியது ஆழத்தையே.

முகத்தின் மேல்தோல் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தடிப்பு உடையது. அதன் அடிவரிசையில் புதிய உயிரணுக்கள் பிறந்து மெல்ல மேலே வருகின்றன. வரும் வழியிலேயே தட்டையாகி உயிர் நீங்கி, உச்சியில் கொம்புப் படலமாக அடுக்கி நிற்கின்றன. பின்னர் கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிர்கின்றன. இளமையில் இச்சுற்று நிறைவுற ஏறக்குறைய 28 நாள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் நீளும். உதிர வேண்டியது உதிராமல் ஒட்டிக்கொண்டிருப்பதே முகம் சொரசொரப்பாகவும் ஒளி குன்றியும் தோன்றுவதற்கு ஒரு காரணம். செத்த படலத்தை மட்டும் அகற்றுவது மேலோட்டமான உரிப்பு. அதனைக் கடந்து உயிருள்ள அடுக்குகளுக்குச் செல்லச் செல்லப் பயனும் மிகலாம். புண்ணும் வடுவும் மிகும்.

நிறம் தரும் மெலனினை ஆக்கும் உயிரணுக்கள் மேல்தோலின் அடிவரிசையில் இருக்கின்றன. கருமை, மேலே படிந்த அழுக்கன்று. ஆகவே கொம்புப் படலத்தைத் தேய்த்தெடுப்பதால் பிறவி நிறம் மாறாது. 'உரித்தால் வெளுக்கும்' என்று விற்பவர் தோலின் அமைப்பை அறியாதவராக இருத்தல் வேண்டும். அறிந்தே சொல்பவராயின் அது வேறு கதை.

உரிப்பு தமிழர்க்குப் புதியதன்று. பயற்றம் மாவும் பீர்க்கங்காய்க் கூடும் தேய்த்து உரிப்பவை. தயிரோ தன் புளிப்பால் உரிப்பது. தயிரிலுள்ள லாக்டிக் அமிலம் இன்று மருத்துவ நிலையத்தில் அளவு குறிக்கப்பட்ட புட்டியில் வருகிறது. இதே இனத்தைச் சேர்ந்த கிளைக்காலிக் அமிலம் கரும்புச் சாற்றில் இயற்கையாக உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் செபராங் பிறை 'புரோவின்ஸ் வெல்லஸ்லி' எனப் பெயர் பெற்றிருந்த காலத்தில், பத்து காவான் முதலிய இடங்களில் பரந்த கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவருட் பலர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர். பின்னர் கரும்பு போய் ரப்பர் வந்தது. இன்று நிலையங்களில் வழங்கும் கிளைக்காலிக் அமிலம் பெரும்பாலும் ஆலையில் செயற்கையாக ஆக்கப்படுவது. 'கரும்பிலிருந்து எடுத்தது, ஆகவே தீங்கற்றது' என்னும் பேச்சுக்கு அடிப்படை இல்லை.

அமிலம் தோலைச் சுரண்டுவதில்லை. செத்த உயிரணுக்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் பற்றுகளைத் தளர்த்துகிறது. இவ்வினத்து அமிலங்களின் செயலை வான் ஸ்காட், யூ என்னும் இரு அறிஞர்கள் 1974-இல் வெளியிட்டனர். அவர்கள் அன்று நாடியது அழகன்று. மீன்செதில் போலத் தோல் தடித்துப் போகும் நோய்க்கு மருந்து. கிளைக்காலிக் அமிலம் 20 முதல் 70 விழுக்காடு வரை மருத்துவரால் பயன்படுத்தப்படும். விழுக்காடு ஒன்றே வலிமையைக் காட்டாது. புளிப்பளவும், முகத்தில் விட்டுவைத்த நிமிடங்களும் சேர்ந்தே ஆழத்தை முடிவு செய்கின்றன. உரிய நேரத்தில் நடுநிலையாக்கிக் கழுவாவிடில் அது மேலும் உள்ளே இறங்கும். சாலிசிலிக் அமிலத்தின் போக்கு வேறு. அது எண்ணெயில் கரைவதால் மயிர்த்துளைகளுக்குள் புகும். முகப்பருவுக்கு அதனை விரும்புவது இதனாலேயே. பூசிய சில நிமிடங்களில் வெண்பொடியாகப் படிந்து செயல் ஒடுங்கிவிடும். வாதுமையோடு தொடர்புடைய மாண்டெலிக் அமிலத்தின் மூலக்கூறு பெரிது; மெல்லவே உட்செல்லும். இதனால் கருந்தோலுக்கு அதனை முதலில் கருதுவோர் உளர். டிரைகுளோரோ அசெட்டிக் அமிலமும் ஃபீனாலும் ஆழ்ந்து செல்வன. ஃபீனால் இரத்தத்திற் கலந்து இதயத் துடிப்பையே குலைக்கவல்லது. அழகு நிலையத்து நாற்காலியில் அதற்கு இடமே இல்லை.

மைக்ரோடெர்மாப்ரேஷன் 1985-இல் இத்தாலியில் தோன்றியது. அலுமினியம் ஆக்சைடு நுண்மணிகளை முகத்தில் வீசி, உதிர்ந்த தூளோடு உறிஞ்சி எடுப்பது அம்முறை. வைரப்பொடி பதித்த முனை பின்னர் வந்தது. அது செத்த படலத்தோடு பெரும்பாலும் நின்றுவிடும். 'மைக்ரோ' என்னும் முன்னொட்டு இல்லாத டெர்மாப்ரேஷன் சுழலும் கருவியால் அடித்தோல் வரை செல்லும் அறுவை முறை. இரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஹைட்ராஃபேஷியல் என்பது ஒரு வணிகப்பெயர். நீர்ச்சுழலால் கழுவி, மென்மையான அமிலம் சேர்த்து உறிஞ்சும் முறையே அது. பயன் மெல்லியது, தீங்கும் குறைவு. டெர்மாபிளேனிங் என்பது அறுவைக் கத்தியைச் சாய்த்துப் பிடித்துப் பூனைமயிரையும் செத்த படலத்தையும் வழித்தெடுப்பது. மழித்த மயிர் தடித்து முளைக்கும் என்னும் அச்சம் தவறு. ஆயின் சீழ்ப்பரு நிறைந்த முகத்தில் கத்தி படலாகாது.

இவை யாவும் மேலைநாட்டில் வெண்தோலை முன்னிறுத்தி வளர்ந்த முறைகள் என்பதை மறத்தலாகாது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்து மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் வகுத்த தோல்வகைப் பகுப்பிலே முதலில் கருந்தோலுக்கு இடமே இருந்ததில்லை. ஐந்தாம் ஆறாம் வகைகள் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. தமிழரிற் பெரும்பாலோர் நான்கு முதல் ஆறு வரையுள்ள வகையினர். இத்தோலில் சுருக்கம் தாமதித்தே வருகிறது. ஆனால் சினமூட்டப்பட்ட இடம் எளிதில் கறுக்கிறது. கொசு கடித்த தழும்பு மாதக்கணக்கில் நிற்பதைக் காணாத தமிழ் வீடு இல்லை. அளவு மீறிய அமிலமும் அழுத்தித் தேய்த்த கருவியும் அவ்வண்ணமே முகத்தில் கறை விடும். கறையை நீக்கச் சென்றவர் பெரிய கறையோடு திரும்புவது இப்படித்தான். கன்னத்தில் படரும் மங்கு இதற்குத் தெளிவான சான்று. தேய்த்தால் அது போகாது, பெருகவும் கூடும்.

ஆகவே தேர்வு, குறையின் தன்மையைப் பொறுத்தது. வெறும் சொரசொரப்புக்கு நீர்முறையோ நுண்தேய்ப்போ போதும். எண்ணெய் வழியும் பருமுகத்திற்குச் சாலிசிலிக் அமிலம் தக்கது. பருவின் கறைக்கு வலிமை குறைந்த அமிலத்தை இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பலகாலும் பூசுவது, ஒரே நாளில் ஆழமாக உரிப்பதினும் நன்று. பள்ளமாகிவிட்ட வடுக்களுக்கு இந்நான்கும் பெரிதும் உதவா. அது தோல் மருத்துவரின் வேலை. தோல் பாளம்பாளமாக உரிவதே வெற்றி என்று எண்ணுவது பொதுவான மயக்கம். கண்ணுக்குத் தெரியாமல் உரியும் சிகிச்சையும் பயன் தருவதுண்டு.

செய்பவர் யார் என்பதும் இதனோடு ஒட்டிய கேள்வி. மலேசிய சுகாதார அமைச்சு 2013-இல் மருத்துவர்க்கென வெளியிட்ட அழகியல் மருத்துவ வழிகாட்டி, மேலோட்டமான அமில உரிப்பையும் நுண்தேய்ப்பையும் உட்புகாத சிகிச்சைகள் என்றும், நடு ஆழ உரிப்பைச் சிறிதளவு உட்புகும் சிகிச்சை என்றும் பிரித்தது. ஆழமே அங்கும் அளவுகோல். எந்த அமிலம், எத்தனை விழுக்காடு, எத்தனை நிமிடம் என்னும் மூன்று கேள்விக்கும் விடை கூறாத இடத்தில் முகத்தைக் கொடுப்பது விவேகமன்று. கேட்பவரும் சிலவற்றை மறையாது சொல்ல வேண்டும்: கருவுற்றிருத்தல், உதட்டில் அடிக்கடி வரும் அக்கி, பருவுக்கு உட்கொள்ளும் ஐசோட்ரெட்டினோயின் மருந்து, இரவில் பூசும் களிம்பு. பெயரில்லாப் புட்டியில் விற்கும் வெளுப்புக் களிம்பில் பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ இருத்தல் கூடும். மலேசியாவில் ஒப்பனைப் பொருள்களில் இவற்றுக்கு அனுமதி இல்லை.

இன்னொன்று, வெயில். சிம்பாங் அம்பாட் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஐந்து பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுதும் நண்பகல் கதிர் கடுமையாக விழும். புதிதாக உரிந்த தோலுக்கு அது பகை. முப்பதுக்குக் குறையாத காப்பளவுள்ள பூச்சும் குடையும் இன்றி, அமில உரிப்புக்குப் பின் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடப்பவர் கொடுத்த பணத்தை வெயிலில் விடுகிறார். மணப்பெண்ணாயின் முதல் உரிப்பை மணநாளுக்கு மூன்று திங்கள் முன்னரே, காதின் பின்புறத்தில் சிறிது பூசிப் பார்த்துத் தொடங்குவது நலம். கறை விழுந்தாலும் அது மங்கத் தொடங்குவதற்கு நாள் இருக்கும்.